நான்காவது வால்வு

(திருவனந்தபுரம் வலியசாலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சுக்கிடையே வந்த கிளைக்கதைகள் சில விடப்பட்டுள்ளன.)

நான் இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன். காந்தளூர் மகாதேவர் கோயில் நடை சாத்தும் மணியைக் கேட்டபிறகே பாடப்புத்தகத்தை மூடிய பையன். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று படித்து, 34 வருடம் அறுவை மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டபோது எனக்கு உடனே தோன்றியது ஒரே பெயர்தான்: டாக்டர் எம்.எஸ். வலியத்தான்.

அவரிடம் நேரடியாகப் பாடம் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் எழுதியதைப் படித்தேன். அவர் கட்டிய நிறுவனத்தின் வாசலில் என் நோயாளிகளோடு பலமுறை நின்றிருக்கிறேன். 1934 மே 24 அன்று மாவேலிக்கரையில் பிறந்து, 2024 ஜூலை 17 அன்று மணிப்பாலில் மறைந்தார். இந்த 90 ஆண்டுக்குள் இதய அறுவை மருத்துவர், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் முதல் இயக்குநர், மணிப்பால் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், ஆயுர்வேத நூல்களின் ஆராய்ச்சியாளர் என்று பல வேடங்கள். 2005-இல் பத்ம விபூஷண். பட்டங்களையும் பதவிகளையும் வரிசைப்படுத்தினால் ஒரு மணி நேரம் எளிதாகப் போய்விடும். அதற்காக நான் வரவில்லை.

ஆசிரியராகவும் இருக்கும் ஓர் அறுவை மருத்துவரை எதை வைத்து அளப்பது? வெற்றிகரமாகச் செய்த அறுவைகளின் எண்ணிக்கையை வைத்து அளப்பதுதான் வழக்கம். தன் தோல்வியை அவர் என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மறைத்தாரா, மறந்தாரா, அடுத்தவர் படிக்கும்படி எழுதி வைத்தாரா? வலியத்தானின் வாழ்க்கையை இந்த ஒரு கேள்வியோடு பார்க்க விரும்புகிறேன். ஐந்து குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. சாலையிலிருந்து தொடங்குகிறேன்

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு கல்விக்கூடம் இருக்கிறது. வலியசாலை என்றால் பெரிய சாலை. வண்டி போகும் சாலை என்று இன்றைய பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பழைய பொருளில் சாலை என்பது மாணவர்களுக்குச் சோறும் பாடமும் சேர்த்துக் கொடுத்த இடம். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலை வருகிறது. அவன் அங்கே கலமறுத்தான் என்பதற்கு, கப்பல்களை அழித்தான் என்று ஒரு சாராரும், சாலையின் உணவுக் கலங்களை வரையறுத்தான் என்று மற்றொரு சாராரும் பொருள் சொல்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அந்தச் சாலை இருந்த இடம் எது என்பதிலும் மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் இந்தக் கோயில் தெருவில் பிறந்த எங்களுக்கு அது இங்கேதான் இருந்தது.

எனக்குப் பிடித்தது ராஜராஜன் கதையைவிட அதற்கும் முந்தைய ஒரு செப்பேடு. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் முறையே இதற்கும் முறை என்று அந்தச் செப்பேடு சொல்கிறது. இலக்கணமும் மீமாம்சையும் தெரிந்திருக்க வேண்டும், நாட்டு நடைமுறை தெரிந்திருக்க வேண்டும் என்று தகுதிகளை வரையறுக்கிறது. படிக்கிறவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால் தண்டம் உண்டு. ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது. ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வா என்ற அந்த விதி பின்னால் நமக்குத் தேவைப்படும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் காலத்துச் சாலைக்கு வருகிறேன். 1951-இல் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் அணி மாணவர்களில் ஒருவர் வலியத்தான். முதல் அணிக்கு ஒரு தனி அனுபவம் உண்டு: விடுதியில் மூத்தவர் கிடையாது, கேட்டு எழுதிக்கொள்ள முந்தைய ஆண்டுக் குறிப்பு நோட்டு கிடையாது. எதையும் தாங்களே முதலில் செய்து பார்க்க வேண்டும். அவர் பிற்காலத்தில் ஸ்ரீ சித்திரையிலும் மணிப்பாலிலும் முதல் ஆளாகவே நின்றதை நினைக்கும்போது, அந்த முதல் அணியின் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2. தோல்வியை எழுதுவது ஏன் கடினம்

என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்த நாட்கள். மருத்துவமனை எது என்பது இங்கே வேண்டாம். குடலில் ஓட்டை விழுந்து வந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு அறுவை முடிந்து மூன்றாம் நாள். வயிறு வலிக்கிறது என்றார். தையல் போட்ட வயிறு வலிக்கத்தானே செய்யும் என்று வலிமருந்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். நாடித்துடிப்பு 120-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்ததைச் செவிலியர் சார்ட்டில் குறித்திருந்தார். நான் பார்க்கவில்லை. உள்ளே தையல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் அவர் இறந்தார்.

மரணச் சான்றிதழில் நான் எழுதியது: இதயமும் சுவாசமும் நின்றன. இங்கிருக்கும் மருத்துவர்களுக்குத் தெரியும், உலகத்தில் இறந்த எல்லோருக்கும் இதயமும் சுவாசமும் நின்றுதான் இருக்கின்றன. அந்த வரி எதையும் சொல்லாது. சொல்லாமல் இருப்பதற்காகவே எழுதப்படும் வரி அது. அடுத்த வாரம் அதே வார்டில் வேறு ஒருவருக்கு வேறு ஒரு பயிற்சி மருத்துவர் இதே தவறைச் செய்திருக்கக்கூடும். அவரைத் தடுக்கக்கூடிய ஒரே காகிதத்தை நான் வெறுமையாக விட்டேன். அந்த மனிதரின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அறுவை செய்த ஒவ்வொருவரும் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று கேட்டு, ஆளுக்கொரு அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னார். பெரிய மருத்துவமனைகள் ஏற்கவில்லை. தானே சிறிய மருத்துவமனை ஒன்றை நடத்தி, 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை அச்சிட்டார். அதில் 123 தவறுகள் நடந்தன என்று தன் கையாலேயே பட்டியல் போட்டார். சக மருத்துவர்கள் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். 1940-இல் அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை. எழுதி வைப்பவனுக்கு நம் தொழில் கொடுத்த கூலி அது.

இந்தப் பின்னணியோடுதான் வலியத்தான் உருவாக்கிய செயற்கை இதய வால்வை நான் பார்க்கிறேன்.

3. மூன்று வால்வுகள் போன கதை

திருவனந்தபுரத்தில் படிப்பை முடித்து, லிவர்பூலில் பயிற்சி பெற்று, 1960-இல் எஃப்.ஆர்.சி.எஸ். ஆனார். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்தில் கற்பித்தார். பிறகு அமெரிக்காவில் இதய அறுவை. அங்கே ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியது சார்லஸ் ஹஃப்னகலிடம். 1952-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் பெருந்தமனிக்குள் செயற்கை வால்வை வைத்தவர் ஹஃப்னகல். ஒரு கூண்டு, அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. அந்த நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்தால் உருண்டை தட்டும் சத்தம் வெளியே கேட்குமாம். கூண்டு உருண்டை வால்வு வைத்த ஒரு பெரியவரை என் மாணவப் பருவத்தில் பார்த்திருக்கிறேன். இரவு டியூட்டியில் வார்டு அடங்கியபிறகு, இரண்டு கட்டில் தள்ளி நின்றாலும் அவர் மார்பில் கடிகாரம் ஓடுவது கேட்டது.

வலியத்தான் ஊர் திரும்பியபோது இங்கே நிலைமை என்ன? ஒரு பெண் குழந்தைக்குத் தொண்டைப்புண் வரும், கவனிக்க ஆளில்லை. சில வாரத்தில் மூட்டுகள் மாறி மாறி வீங்கும். அதுவும் தானே வடியும். வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பெண் கல்யாணமாகி வயிற்றில் குழந்தையோடு மூச்சிரைத்து வந்து நிற்பாள். வாதக் காய்ச்சல் அவளுடைய மைட்ரல் வால்வைச் சுருக்கிப் போட்டிருக்கும். வெளிநாட்டு வால்வு வாங்கும் பணத்துக்கு அவள் வீட்டையும் நிலத்தையும் விற்றாலும் போதாது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பஸ் ஏறி இப்படி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல மாடிக் கட்டடம் ஒன்றை மக்களுக்கென்று கேரள அரசிடம் கொடுத்தது. முதல்வர் அச்சுதமேனன் அங்கே ஒரு மருத்துவமனையை நடத்த ஆள் தேடினார். 1974-இல் வலியத்தான் வந்தார்; வயது 40. 1976-இல் பி.என். ஹக்ஸர் திறந்து வைக்க, நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். நல்ல இதய மருத்துவமனை ஒன்று கிடைத்தது என்று அதோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. பூஜப்புரையில், சேதுலட்சுமி பாயி மகாராணி வாழ்ந்த சதேல்மண்ட் அரண்மனையும் கிடைத்தது. அங்கே பொறியாளர்களையும் வேதியியலாளர்களையும் உட்கார வைத்து ஒரு பட்டறை தொடங்கினார். ராணி நடந்த கூடங்களில் கடைசல் இயந்திரமும் சோதனைக் கருவிகளும் வந்தன. மருத்துவமனையும் தொழில்நுட்பப் பட்டறையும் ஒரே இயக்குநரின் கீழ் என்பது இந்த நாட்டில் அன்று புதிது. 1980-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் என்ற பெயரில் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

அந்தப் பட்டறையின் பெரிய கனவு, சாயும் தட்டு வால்வு. ஓர் உலோக வளையம். நடுவே ஒரு வட்டத் தட்டு. இரத்தம் தள்ளும்போது தட்டு சாய்ந்து வழிவிடும். திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். தட்டு விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வளையத்திலிருந்து நீளும் கம்பிகள். சொல்லும்போது எளிது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் வருடத்துக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் அது திறந்து மூட வேண்டும். எண்ணெய் போட முடியாது, கழற்றித் துடைக்க முடியாது, ஒருநாள் விடுமுறை கிடையாது.

முதல் மாதிரியில் டைட்டேனியம் வளையத்தில் கம்பியைப் பற்றவைத்தார்கள். பற்றவைத்த இடத்தில் உலோகம் நொய்ந்துபோய்க் கம்பி முறிந்தது. பற்றவைப்பே வேண்டாம் என்று அடுத்த மாதிரிக்குப் போனார்கள். தட்டுக்குச் செயற்கை நீலக்கல். மிகக் கடினமானது. அந்தக் கடினமே பகையாயிற்று. கல் தட்டத் தட்ட டைட்டேனியம் தேய்ந்துபோனது. மூன்றாவது மாதிரியில் வளையத்தை மாற்றினார்கள். ஜெட் எஞ்சின் பாகங்களுக்குப் பயன்படும் ஹெய்ன்ஸ்-25 என்ற கோபால்ட், குரோமியக் கலவை. அது தேயவில்லை. இந்த முறை நீலக்கல் தட்டே உடைந்தது.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். ஒவ்வொரு மாதிரிக்கும் வருடக்கணக்கான வேலை. அரசுப் பணம். வெளியே ஏளனம் வேறு: வெளிநாட்டில் கிடைக்கும் பொருளை இங்கே ஏன் செய்ய வேண்டும்? மூன்றாவது உடைந்தபோது நிறுத்திவிட எல்லாக் காரணமும் இருந்தது. அவரும் ஜி.எஸ். புவனேஷ்வர் முதலான பொறியாளர்களும் உடைந்ததை எடுத்து வைத்து ஏன் உடைந்தது என்று எழுதினார்கள். முறிந்த இடம், முறிந்த காரணம், அடுத்து மாற்றியது என்ன என்று. 1996-இல் ஓர் ஆய்விதழில் வந்த அவர்களின் கட்டுரையில் நான்காவது மாதிரியின் வெற்றியோடு முதல் மூன்றின் தோல்வியும் இருக்கிறது. நான் எத்தனையோ அறுவைக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். வென்ற ஒன்றைப் பற்றி எழுதும்போது தோற்ற மூன்றையும் கூடவே உட்கார வைத்த கட்டுரைகள் குறைவு.

நான்காவது மாதிரியில் கடினத்தை விட்டு மென்மைக்கு வந்தார்கள். ஹெய்ன்ஸ்-25 வளையம், பாலியெஸ்டர் தையல் விளிம்பு, தட்டுக்கு மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். ஒரு வகைப் பிளாஸ்டிக். இந்தப் பிளாஸ்டிக் உடலுக்குள் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். லிவர்பூலிலிருந்து அதிக தூரமில்லாத ரைட்டிங்டனில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சுமார் 300 பேருக்கு வைத்தபின் அது தேய்ந்து, துகள் உள்ளே புண்ணாக்கியது. டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்து, நடந்ததை அச்சில் வெளியிட்டார். டெஃப்லானுக்குப் பதிலாக 1962-இல் அவர் கையிலெடுத்ததுதான் இந்தப் பாலிஎத்திலீன். ஒருவர் எழுதி வைத்த தோல்வியிலிருந்து வந்த பொருள், இன்னொருவர் எழுதி வைத்த மூன்று தோல்விகளுக்குப் பிறகு ஓர் இதயத்துக்குள் போனது.

1990 டிசம்பர் 6 அன்று ஸ்ரீ சித்திரையில் முதல் நோயாளிக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டது. பிறகு நாட்டின் வேறு மையங்களிலும் 300-க்கு மேற்பட்டவர்களிடம் பரிசோதித்தார்கள். சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிக்க முன்வந்தது. இன்று வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. இறக்குமதி வால்வைவிட இதன் விலை குறைவு. கூண்டு உருண்டையைப் போல் சத்தமும் போடாது. பிளாஸ்டிக் தட்டு என்பதால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கவனித்துக் கேட்க வேண்டும்.

இதே காலத்தில் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள். ப்யோர்க்-ஷைலி என்ற புகழ்பெற்ற வால்வின் ஒரு மாதிரி 1979-இல் சந்தைக்கு வந்தது. அதிலும் கம்பி பற்றவைக்கப்பட்டது. 1986-இல் திரும்பப் பெறுவதற்குள் உலகம் முழுக்க சுமார் 86,000 பேருக்குப் பொருத்திவிட்டார்கள். பற்றவைத்த இடத்தில் கம்பி முறிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். முறிவுச் செய்திகளை நிறுவனம் கையாண்ட விதத்தை 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸின் அறிக்கை ஒன்று கடுமையாகக் கண்டித்தது. நோய் ஒன்றே, பற்றவைப்பு. பூஜப்புரையில் அது ஆய்வுக்கூடத்தோடு நின்றது. அங்கே மனித மார்பு வரை போனது.

என் எதிர்வீட்டு மாமிக்குச் சித்திரை வால்வுதான். மாதந்தோறும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு, சீட்டை என்னிடம் காட்டுவார். இது நான்காவது மாதிரி என்று ஒருநாள் விளக்கினேன். முதல் மூன்றும் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அப்போ எனக்கு முன்னாடியே அது உடைஞ்சு பாத்துடுத்து" என்றார். பொறியியல் மாணவர்களுக்கு ஒரு பருவம் நடத்த வேண்டிய பாடத்தை மாமி ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இரத்தப் பை கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. அப்போதெல்லாம் இரத்த வங்கியில் கண்ணாடிப் புட்டிதான். கழுவ வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும், கீழே விழுந்தால் போயிற்று. சதேல்மண்ட் பட்டறையில் உருவான பிளாஸ்டிக் இரத்தப் பையின் நுட்பத்தை, ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த சி. பாலகோபால் பெற்றுக்கொண்டு பென்பால் நிறுவனத்தைத் தொடங்கினார். புளியறக்கோணத்தில் இன்றும் அந்தத் தொழிற்சாலை இயங்குகிறது. அறுவை மருத்துவர் ஒருவரின் பட்டறையிலிருந்து ஊருக்கு வேலை கிடைத்தது.

4. முடியாத ஒரு கேள்வி

வால்வு வென்றது. வெல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்லாவிட்டால் என் வாதம் பாதிதான்.

கேரளக் கடலோரத்து ஏழைகளிடம் ஒரு விசித்திர நோய் இருந்தது. இதய அறையின் உட்சுவரில் வெள்ளை நார்த்திசு படிந்து, அறை சுருங்கிப்போகும். இளம் வயதிலேயே வயிறு பானைபோல் வீங்கி வருவார்கள். உகாண்டாவில் 1940-களில் விவரிக்கப்பட்ட அதே நோய். வலியத்தான் அந்த நாரை உரித்தெடுக்கும் அறுவையைச் செய்தார். கடினமான, ஆபத்தான அறுவை அது. ஆனால் உரித்துக்கொண்டே இருந்தால் போதுமா, இது ஏன் வருகிறது என்று தேடினார்.

கேரளக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியமும் சீரியமும். ஏழைகளின் முக்கிய உணவு மரவள்ளிக்கிழங்கு. உடம்பில் மெக்னீசியம் குறைந்து, மண்ணிலிருந்து சீரியம் ஏறினால் இதயச் சுவர் இப்படி ஆகுமோ? சி.சி. கார்த்தா உள்ளிட்ட சக ஆய்வாளர்களோடு திசுக்களில் சீரியத்தை அளந்தார், விலங்குகளில் சோதித்தார், பல கட்டுரைகள் வெளியிட்டார். இன்றுவரை அந்தக் கருதுகோள் முழுமையாக நிறுவப்படவில்லை. இதற்கிடையே நோயே அரிதாகிவிட்டது. நல்ல சாப்பாடும் சுகாதாரமும் வந்ததால் இருக்கலாம்.

ஆகவே இது தோல்வியா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்து கடற்கரை மணலை அள்ளிப் பார்த்த அறுவை மருத்துவரை வேறு எங்கே காட்டுவேன்? அவர் அளந்த எண்கள் அச்சில் இருக்கின்றன. நாளை யாராவது அவர் தவறு என்று நிரூபிக்க நினைத்தாலும், அதற்கு வேண்டிய கணக்கை அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

5. ஓய்வுக்குப் பின் மாணவர்

இருபது ஆண்டு திருவனந்தபுரத்தில் உழைத்துவிட்டு மணிப்பாலுக்குப் போனார். 1999 வரை துணைவேந்தர். அப்போது வயது 65. நம்மில் பலர் அந்த வயதில் மாலை போட்டுக்கொண்டு, நினைவுமலர் வாங்கிக்கொண்டு, பழைய அறுவைகளைப் பேரனுக்குச் சொல்லத் தொடங்குவோம். அவர் சரகரைப் படிக்கத் தொடங்கினார்.

தனியாக உட்கார்ந்து மொழிபெயர்ப்பைப் புரட்டும் படிப்பாக அது இருக்கவில்லை. சாலக்குடியில் ஆயுர்வேத அறிஞர் ராகவன் திருமுல்பாட்டை ஆசானாக ஏற்றுக்கொண்டு பாடம் கேட்டார். ஆயிரக்கணக்கான மார்புகளைத் திறந்த கை, ஒரு வைத்தியரின் முன் ஏட்டைப் பிரித்து வைத்துச் சந்தேகம் கேட்டது. 2003-இல் சரகர் பற்றிய நூல், 2007-இல் சுசுருதர் பற்றி, 2009-இல் வாக்படர் பற்றி என்று மூன்று பெரிய ஆங்கில நூல்கள் வந்தன. சம்ஹிதைகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கி, இன்றைய மருத்துவ மாணவர் திறந்து படிக்கும்படி செய்திருக்கிறார். பழம்பெருமை பேசும் நூல்கள் அல்ல அவை. எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று கொண்டாடுபவர்களுக்கு அந்த நூல்களில் தீனி கிடைக்காது. முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளுபவர்களுக்கும் கிடைக்காது.

சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில், எட்டாம் அத்தியாயத்தில், மருத்துவர்கள் தங்களுக்குள் எப்படி விவாதிக்க வேண்டும் என்ற பகுதி வருகிறது. விவாதம் இரண்டு வகை. நட்போடு கூடிப் பேசுவது ஒன்று, பகையோடு மோதுவது இன்னொன்று. நட்பு விவாதத்தில் அச்சமில்லாமல் கேட்கலாம், அச்சமில்லாமல் பதில் சொல்லலாம். தோற்றுவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம், வென்றவன் பெருமையடிக்க வேண்டாம். இதைப் படித்தபோது எனக்கு என் வார்டு நினைவுக்கு வந்தது. எங்கள் மரண ஆய்வுக் கூட்டங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையாகத்தான் இருந்தன. யார் மீது பழி விழும் என்ற பயத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு ஆயுதத்தை வெளியே வைக்கச் சொன்னதே, அது நினைவிருக்கிறதா? அந்த விதி எங்கள் கூட்ட அறை வாசலிலும் எழுதியிருந்தால், ஐந்தாம் நாள் இறந்த அந்தத் தொழிலாளியைப் பற்றி நான் எழுந்து நின்று பேசியிருப்பேன்.

சதேல்மண்ட் அரண்மனையில் அறுவை மருத்துவரும் பொறியாளரும் உடைந்த தட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசியது முதல் வகை விவாதம் என்றே நான் நம்புகிறேன். வேறு விதமாகப் பேசியிருந்தால் நான்காவது பிறந்திருக்காது.

படித்ததோடும் அவர் நிற்கவில்லை. ஆயுர்வேதக் கருத்துகளை இன்றைய உயிரியல் முறையில் சோதிக்க ஒரு திட்டத்தை முன்னின்று நடத்தினார். வாத, பித்த, கப உடல்வகைக்கும் மரபணுவுக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு குழு பார்த்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பழ ஈக்களுக்கு நெல்லிக்காய் ரசாயனம் கொடுத்து எஸ்.சி. லகோட்டியா குழுவினர் ஆராய்ந்தார்கள். நம் வீட்டுப் பாட்டிமார்கள் ஜாடியில் போட்டு வைக்கும் நெல்லிக்காய், ஈக்களின் ஆயுள் கணக்கோடு ஆய்விதழுக்குப் போயிற்று. சோதித்தால் பொய்த்தும் போகலாம் என்ற துணிவு இல்லாமல் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்க முடியாது. 65 வயதுக்கு மேல் அந்தத் துணிவு எனக்கு இல்லை என்பதால்தான் அதை இவ்வளவு மதிக்கிறேன்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்தச் சொற்பொழிவுக்காக எனக்குத் தருவதாகச் சொன்ன தொகையை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. அதில் அவருடைய மூன்று நூல்களையும் வாங்கி, வால்வைப் பற்றிய 1996-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிரதி ஒன்றையும் சேர்த்து, நம் தெரு வாசகசாலையில் வைக்க வேண்டும். கட்டுரையை யாரும் திறக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். எதிர்வீட்டு மாமியின் பேத்தி இந்த ஆண்டு பொறியியலில் சேர்ந்திருக்கிறாள். முதல் மூன்று வால்வுகளைப் பற்றிய பக்கங்கள் எங்கே கிடைக்கும் என்று போன வாரம்தான் என்னிடம் கேட்டாள்.